ரேடார் படத்துல விழுந்த கோடு மண்ணோடதா, வானத்தோடதா? அயனமண்டலம் தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்க

டெல்டாக்காரன்
வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க. நான் பாக்குற வேலை நிலம் தாழுறத செயற்கைக்கோள் ரேடார் படம் வச்சு அளக்குறது. ஒரே இடத்த ரெண்டு தேதியில எடுத்த படத்த ஒண்ணுமேல ஒண்ணு வச்சு அலையோட ஃபேஸ (திரும்பி வர்ற அலை ஏத்த இறக்கத்துல எந்தக் கட்டத்துல இருக்குங்குறத) கழிச்சுப் பாத்தா நிலம் எத்தன சென்டிமீட்டர் நகந்துச்சுன்னு தெரியும், அதத்தான் இன்டர்ஃபெரோகிராம்னு சொல்றோம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஜப்பானோட ஆலோஸ் ரேடார் செயற்கைக்கோள் படங்கள எடுத்து வேல பாத்துட்டு இருக்கேன். 2006ல ஏவுனது, 2011ல நின்னுபோச்சு, பழைய படமெல்லாம் அலாஸ்கா பல்கலைக்கழக ஆவணத்துல இலவசமா கெடைக்குது. நெல்லு வயலுக்கு மேல சின்ன அலைநீள ரேடார் போனா, அடுத்த படம் எடுக்க ஆலோஸ் திரும்பி வர்ற 46 நாள்ல பயிரு வளந்து எல்லாம் கலஞ்சிரும், இதோட எல் பேண்ட் அலை கிட்டத்தட்ட 24 சென்டிமீட்டர், அதனால ஓரளவுக்கு தாங்குது.

பிரச்சினை என்னன்னா, ஒரு ஜோடிப் படத்துல கடலோரம் ஒரு பட்டையா 8 சென்டிமீட்டர் மேல ஏறுன மாதிரி வந்துச்சு. நான் நெசமாவே நம்பிட்டேன். நிலத்தடி நீர் ஊறி மண்ணு உப்பிருக்கு, அந்த வருஷம் மழ நல்லா பெஞ்சுருக்குன்னு மூணு மாசமா காரணம் தேடி அறிக்கையில ஒரு அத்தியாயமே எழுதிட்டேன். அப்புறம் அடுத்த ஜோடிய ஓட்டுனா அதே பட்டை, அதே எடம், அதே சாய்வு, ஆனா 8 சென்டிமீட்டர் கீழ. ரெண்டு ஜோடிக்கும் பொதுவா இருந்தது நடுத் தேதி ஒண்ணுதான். அந்தப் படத்த விட்டுட்டு முதலையும் மூணாவதையும் நேரா கழிச்சேன், பட்டையே காணோம். அந்த ஒரு ராத்திரி வானத்துல ஏதோ இருந்திருக்கு. இந்த செயற்கைக்கோள் நம்ம பக்கம் தெக்கேயிருந்து வடக்க போறது ராத்திரி பத்தரை வாக்குல. அது என்னன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. திருத்தித் தள்ளிட்டுப் போற வழி எனக்கும் தெரியும், அத தள்ளுறதுக்கு முன்னாடி அது என்னான்னு பாக்கணும்னு மனசு அடிச்சுக்குது.

கயல்_அயனி
அண்ணா வணக்கம், நான் அயனமண்டலத்துல, அதாவது சூரிய ஒளியால எலக்ட்ரான் பிரிஞ்சு கிடக்குற மேல் வளிமண்டல அடுக்குல பிஎச்டி பண்றேன், நீங்க மூணு தேதி வச்சு கண்டுபிடிச்ச விதம் ரொம்ப சரியான விதம். ஒரு ஜோடி மட்டும் வச்சா எந்த நாளோட குத்தம்னு யாராலயும் சொல்ல முடியாது.

கணக்கு சொல்றேன் பாருங்க. அலை போற பாதையில ஒரு சதுர மீட்டர் அகலத்துக்கு ஒரு குழாய் நிறுத்துனா அதுக்குள்ள எத்தன எலக்ட்ரான் இருக்கோ அத டிஇசின்னு சொல்வோம். ஒரு யூனிட்னா ஒண்ணு போட்டு பதினாறு சைபர் எலக்ட்ரான். ஒரு யூனிட் கூடுனா எல் பேண்டுல பாதை நீளம் ஒரு வழிக்கு 25 சென்டிமீட்டர் மாறுன மாதிரி காட்டும். அலைவரிசையோட வர்க்கத்துக்கு நேர் எதிரா குறையும், அதனால ஐரோப்பாவோட சென்டினல்-1 ரேடார் மாதிரி, அலைநீளம் இன்னும் சின்னதான சி பேண்டுல அதே ஒரு யூனிட்டுக்கு ஒண்ணரை சென்டிமீட்டர்கூட வராது, அதவிடவும் சின்ன எக்ஸ் பேண்டுல அரை சென்டிமீட்டருக்கும் கம்மி. நீங்க பாத்த 8 சென்டிமீட்டருக்கு வேண்டியது சாய்வான பாதையில யூனிட்ல மூணுல ஒரு பங்கு வித்தியாசம், அவ்வளவுதான். நம்ம பக்கம் சூரியனோட செயல்பாடு உச்சத்துல இருக்குற வருஷத்துல பகல்ல நூறு யூனிட் வரைக்கும் போகும். அதுல மூணுல ஒண்ண தனியா பிரிச்சு, அதுவும் கிலோமீட்டர் அளவுல படமா காட்டுற கருவி உங்க கையில இருக்கு. நீங்க அத நிலத்துக்கு பாத்தீங்க, எங்க ஆளுங்க மேல பாக்க ஏங்குறாங்க.

பழைய_ரிசீவர்
தம்பி டெல்டா, நான் படிப்பாளி கிடையாது, நாப்பது வருஷமா ஹாம் ரேடியோ வச்சிருக்கேன். ராத்திரி பத்தரைன்னு படிச்ச உடனே எனக்கு வெளிச்சமாயிருச்சு. சாயங்காலம் இருட்டுன அப்புறம் ஏழரை எட்டுல இருந்து நடுராத்திரி வரைக்கும் நம்ம தெக்கத்தி வானம் ஒரு மாதிரி கொதிச்சுக்கிட்டு இருக்கும், அதுலயும் மார்ச், ஏப்ரல், அப்புறம் செப்டம்பர், அக்டோபர் மாசம் கேக்கவே வேண்டாம். ஷார்ட்வேவ்ல ஒரு ஸ்டேஷன பிடிச்சு வச்சிருப்போம், நல்லா கேட்டுக்கிட்டே இருக்கும், திடீர்னு குரல் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிடும், அப்புறம் படபடன்னு அடிக்கும், முறம் வச்சு பொடைக்கிற மாதிரி ஒரு சத்தம். அதே நேரம் 50 மெகாஹெர்ட்ஸ்ல சாதாரணமா எட்டாத தூரத்து ஆளு நிலநடுக்கோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து கேப்பான். ஒரு வழி கெட்டா இன்னொரு வழி தொறக்கும். நாங்க காதால கேட்டத நீ படமா பாத்திருக்க. அந்தப் படத்த போடுப்பா, கண்ணால ஒரு தடவ பாக்கணும்.

மதுரை_மேப்பர்
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், ஆனா ஒரு கேள்வி. இதுக்குன்னு ஜிபிஎஸ் ஸ்டேஷன் உலகம் பூரா இருக்கு, டிஇசி வரைபடம் தினமும் வருது, இலவசம். 12 நாளுக்கு ஒருக்கா, 46 நாளுக்கு ஒருக்கா வர்ற ரேடார வச்சு வானத்த ஆராய்ச்சி பண்றது சுத்தி வளச்சு மூக்கத் தொடுற மாதிரி இல்லையா. எங்களுக்கு வேண்டியது சுத்தமான நிலப் படம், இந்தக் கோட்ட நீக்கிட்டா வேல முடிஞ்சது.

கயல்_அயனி
கேள்வி நியாயமானதுதான் சார். ஆனா அந்த உலக வரைபடத்தோட கட்டம் அட்சரேகையில ரெண்டரை டிகிரி, தீர்க்கரேகையில அஞ்சு டிகிரி. நம்ம பக்கம் அது சுமார் 275 கிலோமீட்டருக்கு 550 கிலோமீட்டர். நாகப்பட்டினத்துல இருந்து மதுரை தாண்டி கேரளா, அதுக்கும் அப்பால கடல் வரைக்கும் எல்லாமே ஒரு கட்டத்துக்குள்ள அடங்கிரும். டெல்டா அண்ணன் பாத்த பட்டை அதுல எந்த மூலையிலயும் தெரியாது. ஒரே ஊர்ல ஜிபிஎஸ் ரிசீவர் வச்சா நேரத்தோட மாற்றம் அருமையா கெடைக்கும், ஆனா வானத்துல ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஒரு கோடு, அந்தக் கோட்டுல மட்டும்தான் தெரியும். ரேடார் படம்னா அகலமா விரிச்ச துணி மாதிரி, சில வினாடியில எடுத்த ஒரே காட்சி.

இன்னொண்ணு, ஜிபிஎஸ் இருக்குறது 20,200 கிலோமீட்டர் உயரத்துல. இந்த ரேடார் எல்லாம் 600ல இருந்து 750 கிலோமீட்டர்ல. அயனமண்டலத்தோட அடர்த்தி உச்சம் 300, 350 கிலோமீட்டர் பக்கம், நம்ம நடுக்கோட்டுப் பக்கம் இன்னும் கொஞ்சம் மேலகூட போகும். ஜிபிஎஸ் அளவுல ரேடாருக்கு மேல இருக்குற எலக்ட்ரானும் சேந்து வருது, அதனால ஜிபிஎஸ் வரைபடத்த எடுத்து அப்படியே கழிச்சாலும் உங்க நிலப் படம் சுத்தமாகாது.

நெல்லை_வானம்
நல்ல இழை. எல்லாரும் நாகப்பட்டினத்தப் பத்தியே பேசுதிய, எங்க ஊரப் பத்தி நான் ஒரு வார்த்த சொல்லிக்கிடுதேன். பூமியோட காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டு வழியாத்தான் போவுது. காந்த ஊசி சாயாம படுக்கையா நிக்கிற கோடு அது. 1963 நவம்பர் 21ல தும்பாவுல முதல் ராக்கெட் விட்டாகல்லா, அந்த எடத்த தேர்ந்தெடுத்ததே இந்தக் கோட்டுக்குப் பக்கத்துல இருக்குன்னுதான். அந்த நைக்கி அப்பாச்சி ராக்கெட் கொண்டு போனது சோடியம் ஆவி, மேல் வளிமண்டலத்துல காத்து எப்படி அடிக்குன்னு பாக்க. அதே காரணத்துக்குத்தான் திருநெல்வேலி பக்கத்துல கிருஷ்ணாபுரத்துல இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தோட ஆய்வகம் இருக்கு. கோயில்ல அந்தக் கல்லு செலைகள பாக்க வர்ற கூட்டத்துல முக்காவாசிப் பேருக்கு அதே ஊருல 1990கள்ல இருந்து 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒண்ணு மேல் காத்த அளந்திருக்குன்னு தெரியாது.

அந்தக் கோட்டுக்கு மேல என்ன நடக்குன்னா, பகல்ல சுமார் 105 கிலோமீட்டர் உயரத்துல மேக்கேயிருந்து கெழக்க ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுது. அங்க இருக்குற மின்புலமும் காந்தப்புலமும் சேந்து எலக்ட்ரான மேல தூக்கும். தூக்குனது உச்சிக்குப் போயி காந்தக் கோட்டு வழியா வடக்கயும் தெக்கயும் வழிஞ்சு எறங்கும், ஊத்து பீச்சி ரெண்டு பக்கமும் விழுந்தாப்புல. அதனால நடுக்கோட்டுல குறைச்சலும் அகமதாபாத், போபால் பக்கம் அதிகமுமா இருக்கும். இத 1946ல எழுதுனவரு இங்கிலாந்து இயற்பியலாளர் ஆப்பிள்டன், மறுவருஷம் அவருக்கு நோபல் பரிசு கெடச்சது அயனமண்டல ஆராய்ச்சிக்குத்தான்.

பொழுது சாஞ்ச பொறவு கீழ் அடுக்கு சடுதியில கரைஞ்சு போவும், மேல இருக்குற அடர்த்தி இன்னும் உயரமா ஏறும். எண்ணெய்க்கு மேல தண்ணிய நிறுத்தி வச்ச கதைதான், நிக்காது. லேசானது குமிழி குமிழியா கிளம்பி மேல ஏறும், சில நேரம் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் போவும். அந்தக் குமிழி காந்தக் கோட்டோட நீளத்துக்கு வடக்கு தெக்கா சீப்புப் பல்லு மாதிரி நீண்டு நிக்கும். தம்பி, உங்க பட்டை எந்தத் திசையில கிடக்கு? அத மட்டும் சொல்லுங்க.

டெல்டாக்காரன்
அண்ணாச்சி, இத படிச்சிட்டு எந்திரிச்சு போய் படத்த மறுபடி தொறந்து பாத்தேன். பட்டை வடக்கு தெக்கா கிடக்கு. செயற்கைக்கோள் போற பாதைக்கு ஒட்டினாப்புல, ஆனா பாதையோட சரியா இணையா இல்ல, சில டிகிரி திரும்பி இருக்கு. இத்தன நாளா அது ஆன்டெனா கோளாறுன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு, கோளாறுன்னா பாதைக்கு சரியா இணையா இல்ல குறுக்க இருக்கும், அந்தக் கொஞ்சூண்டு திருப்பம் ஏன்னு எனக்கு புரியாமயே இருந்துச்சு. காந்த வடக்குக்கு கோடு போட்டுப் பாத்தேன், அதோட ஒத்துப் போகுது.

இன்னொண்ணும் கவனிச்சேன். அதே படத்துல ஒரு மூலையில பிரகாசத்துலயே கோடு கோடா தெரியுது, ஃபேஸ் இல்ல, வெறும் கறுப்பு வெள்ளைப் படத்துல. வயல் வரப்பு, சாலை எல்லாம் அங்க மட்டும் ஈரக் கைபட்ட மை மாதிரி இழுபட்டு இருக்கு.

கயல்_அயனி
அண்ணா அதுதான்! பிரகாசத்துல கோடு விழுறது அமேசான் காட்டுக்கு மேல ஆலோஸ் எடுத்த ராத்திரிப் படங்கள்ல நல்லா தெரிஞ்ச விஷயம், 2008 வாக்குலயே ஜப்பான்காரங்க எழுதியிருக்காங்க. காடு ஒரே சீரா இருக்குறதால அங்க கோடு பளிச்சுனு தெரியும், நம்ம பக்கம் வயலு, ஊரு, கொளம்னு கலந்து கிடக்குறதால கண்ணுக்கு சிக்காது, நீங்க கண்டுபிடிச்சது பெரிய விஷயம்.

ஏன் அப்படி ஆகுதுன்னா, இந்த ரேடார் ஒரு புள்ளிய ஒரே எடத்துல இருந்து பாக்குறது இல்ல. பறந்துகிட்டே பல கிலோமீட்டர் தூரம் அதே புள்ளிய பாத்து எல்லாத்தையும் சேத்துத்தான் கூர்மையான படமா ஆக்குது. அந்த சில வினாடிக்குள்ள அலை குமிழியோட சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்குள்ள நுழைஞ்சு வந்தா ஃபேஸ் தாறுமாறா ஆகும், கூர்மை போயிரும். பெரிய மேடு பள்ளம்னா கூர்மை கெடாது, புள்ளி பாதையோட திசையில கொஞ்சம் நகந்து விழும். இந்த நகர்வத்தான் 2000ல துருவப் பனி எவ்வளவு வேகமா ஓடுதுன்னு ரேடார்ல அளந்தவங்க கவனிச்சாங்க, பனி ஓட்டத்துல கோடு கோடா பொய் வேகம் வந்துச்சு, அது அயனமண்டலம்னு அப்பதான் எழுதுனாங்க. 2008 மே 12 சீனாவுல வென்சுவான் நிலநடுக்கம் வந்தப்போ எடுத்த ஆலோஸ் படங்கள்லயும் இதே தொல்லை இருந்துச்சு, நிலம் நகந்தது எது வானம் பண்ணது எதுன்னு பிரிக்கிறதே தனி ஆராய்ச்சியா ஆச்சு.

ஜப்பான்ல இன்னொரு வேலையும் பண்ணாங்க. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்துல கோடைக்காலத்துல திட்டுத்திட்டா அடர்த்தி சேருமே, 'ஸ்போராடிக்-ஈ' (E) அடுக்குன்னு பேரு, அத இன்டர்ஃபெரோகிராம்லயே படமா எடுத்து, தரையில இருக்குற ஜிபிஎஸ் கூட்டத்தோட ஒப்பிட்டு உறுதி பண்ணாங்க. நெலத்துக்காக எடுத்த படத்துலதான் இதெல்லாம் கெடைச்சது.

மதுரை_மேப்பர்
சரிப்பா, ஒத்துக்கிறேன், அந்த 275க்கு 550 கட்டம் நான் யோசிச்சுப் பாக்காதது. இப்ப வேல சம்பந்தமா கேக்குறேன். பிரிச்சு எடுக்குறது எப்படி? ஃபாரடே சுழற்சி வச்சு எடுக்கலாம்னு எங்கயோ படிச்சேன்.

கயல்_அயனி
ரெண்டு வழி இருக்கு சார். ஃபாரடே வழி அழகானது. அலை குறுக்குல அதிர்ந்தபடி கிளம்பினா, காந்தப்புலத்தோட எலக்ட்ரான் கூட்டத்த தாண்டும்போது அந்த அதிர்வோட தளம் கொஞ்சம் முறுக்கிக்கும். முறுக்கு எத்தன டிகிரின்னு தெரிஞ்சா டிஇசி தெரியும். அலை அதிர்ற திசைய மாத்தி மாத்தி அனுப்பி வாங்குற நாலு வகை துருவமாக்கலும் எடுக்குற படம் இருந்தா ஒவ்வொரு புள்ளிக்கும் இத கணக்கு பண்ணலாம், 1965லயே பிக்கல், பேட்ஸ்னு ரெண்டு பேர் சூத்திரம் எழுதி வச்சிட்டாங்க. அலாஸ்கா மாதிரி வடக்க போனா காந்தக் கோடு செங்குத்தா இறங்குது, அலையும் அதே வாக்குல வருது, முறுக்கு நல்லா தெரியும்.

ஆனா நம்ம ஊர்ல இது கை குடுக்காது, இத பலபேர் கவனிக்க மாட்டாங்க. காந்த நடுக்கோட்டுல காந்தக் கோடு படுக்கையா வடக்கு தெக்கா போகுது. ரேடார் கிழக்கு மேக்கா சாய்வா பாக்குது. அலையும் காந்தமும் கிட்டத்தட்ட செங்கோணம், அப்ப முறுக்கே வராது. எலக்ட்ரான் அதிகமா ஆடுற எடத்துல அத பாக்குற ஒரு கண்ணு மூடிக்குது.

நம்ம பக்கத்துக்கு ரெண்டாவது வழிதான். ரேடார் ஒரே அலைவரிசையில அனுப்புறது இல்ல, ஒரு பட்டையே அனுப்புது. அந்தப் பட்டைய மேல பாதி கீழ பாதின்னு பிரிச்சு ரெண்டு இன்டர்ஃபெரோகிராம் பண்ணுங்க. நிலம் நகந்தா ரெண்டுலயும் தூரம் ஒண்ணாதான் வரும். அயனமண்டலம்னா கீழ் பட்டையில கூடுதலா வரும். அந்த வித்தியாசத்துல இருந்து ரெண்டையும் தனித்தனியா எடுத்துறலாம்.

டெல்டாக்காரன்
இத நான் செஞ்சு பாத்தவன், அதனால அனுபவம் சொல்றேன். ஆலோஸ்ல ஒரு வகைப் படத்துக்கு பட்டை அகலம் 28 மெகாஹெர்ட்ஸ், இன்னொரு வகைக்கு 14தான். 14அ ரெண்டா பிரிச்சா அலைவரிசை வித்தியாசம் துளியூண்டு, அந்தத் துளிய வச்சு பெருக்கும்போது இரைச்சலும் சேந்து பெருகிடுது. முதல் தடவ வந்த படம் வெறும் மணலு கொட்டுன மாதிரி இருந்துச்சு. பக்கத்துப் புள்ளி எல்லாத்தையும் சேத்து சராசரி எடுத்து எடுத்து, சில கிலோமீட்டர் அளவுக்கு வழவழப்பாக்குன அப்புறம்தான் பட்டை வெளிய வந்துச்சு. ரொம்ப வழவழப்பாக்குனா பட்டையே கரைஞ்சு போயிரும். அந்த அளவ பிடிக்க ஒரு வாரம் ஆச்சு, ஒவ்வொரு தடவையும் ராத்திரி பூரா கம்ப்யூட்டர் ஓடும், காலையில எந்திரிச்சு முதல் வேலையா அதத்தான் பாப்பேன்.

பழைய_ரிசீவர்
இப்ப நம்ம இஸ்ரோவும் நாசாவும் சேந்து நைசார்னு ரேடார் செயற்கைக்கோள் விட்டிருக்காங்களே, அதுல இந்த வசதி இருக்கா? 2025 ஜூலை 30 சாயங்காலம் ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து கிளம்புனத நான் மொட்டை மாடியில நின்னு பாத்தேன். சென்னையில இருந்து ஒரு வெளிச்சப் புள்ளியாத்தான் தெரிஞ்சுச்சு, ஆனாலும் உடம்பு சிலிர்த்துச்சு.

கயல்_அயனி
இருக்கு அய்யா, அதுக்குன்னே யோசிச்சு வச்சிருக்காங்க. நைசார் எல் பேண்டுல முக்கியப் பட்டை 20 மெகாஹெர்ட்ஸ் அனுப்பும்போது, அதுல இருந்து தள்ளி தனியா இன்னொரு 5 மெகாஹெர்ட்ஸ் குட்டிப் பட்டையும் சேத்து அனுப்புறாங்க. ரெண்டும் தள்ளி இருக்குறதால டெல்டா அண்ணன் பட்ட இரைச்சல் தொல்லை நல்லாவே குறையும். நிலம் நகந்தத காட்டுற அவங்க தயார் படத்துல அயனமண்டலத்துக்குன்னு தனி லேயரே வருது. பெரும்பாலானவங்க அத கழிச்சிட்டு தூக்கிப் போட்டுருவாங்க, எனக்கு அந்த லேயர்தான் வேணும்.

அதுல இன்னொரு சிறப்பு, எல் பேண்ட் நாசாவோடது, எஸ் பேண்ட் இஸ்ரோவோடது, ரெண்டும் ஒரே 12 மீட்டர் வலை ஆன்டெனா வழியா. எஸ் பேண்டுல அயனமண்டலத்தோட தாக்கம் எல் பேண்டவிட கிட்டத்தட்ட ஆறரை மடங்கு கம்மி. ரெண்டையும் ஒரே நேரத்துல எடுத்த எடத்துல பிரிக்கிறது ரொம்ப சுலபமாயிரும், ஏன்னா 1.26 கிகாஹெர்ட்ஸுக்கும் 3.2 கிகாஹெர்ட்ஸுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் பாருங்க.

ஒரு குறையும் சொல்லணும். அது வர்றது காலையில 6 மணி, சாயந்திரம் 6 மணி வாக்குல. நிலம் பாக்குறவங்களுக்கு அது நல்ல நேரம், குமிழி கிளம்பியிருக்காது. 2025 ஏப்ரல் 29ல ஐரோப்பாக்காரங்க விட்ட பயோமாஸ் ரேடார் செயற்கைக்கோளும் இதே மாதிரி விடியல் அந்திப் பாதைதான். அதோட பி பேண்ட் 435 மெகாஹெர்ட்ஸ், ஒரு யூனிட்டுக்கு ரெண்டு மீட்டருக்கு மேல பிழை காட்டும், அமைதியான நேரமா பாத்துத்தான் ஓட்டியாகணும். ராத்திரி கொதிப்ப பாக்கணும்னா ஆலோஸுக்கு அடுத்து வந்த ஆலோஸ்-2 மாதிரி நடுராத்திரி வர்றதுதான் உதவும்.

நெல்லை_வானம்
தங்கச்சி சொல்லுதது சரிதான், ஆனா சாயந்திரம் 6 மணிய குறைன்னு ஒதுக்காதிய. குமிழி ஏழரைக்கு கிளம்புதுன்னா அதுக்கு முன்னால அடியில ஒரு அலை நெளிஞ்சிருக்கணும்லா. எந்த நாள் கிளம்பும் எந்த நாள் கிளம்பாதுன்னு இன்னும் யாராலயும் உறுதியா முன்கூட்டிச் சொல்ல முடியல, ரெண்டு நாளும் பாக்குறதுக்கு ஒண்ணு போலவே இருக்கும், ஒரு நாள் பொங்கும், மறுநாள் சும்மா கெடக்கும். கிளம்புறதுக்கு ஒண்ணரை மணி நேரத்துக்கு முன்னால 240 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு படம் கையில இருந்தா, அதுல நெளிவு இருக்கான்னு பாத்துட்டு, ராத்திரி ஜிபிஎஸ் ஆடுச்சா ஆடலையான்னு ஒப்பிட்டா போதும். எனக்கு இதுல ஒரு ஆசையே இருக்கு.

மதுரை_மேப்பர்
அந்த லேயர் வர்ற நாள்ல நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம் மேல போற பாதை எதுன்னு நான் எடுத்துத் தர்றேன், 12 நாளுக்கு ஒருக்கா எந்தத் தேதின்னு அட்டவணை போடுறது எனக்கு அரை மணி நேர வேலை. சாயந்திரப் பாதைய மட்டும் தனியா குறிச்சுடுறேன்.

பழைய_ரிசீவர்
தேதிய மட்டும் குடுங்க. அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணியில இருந்து ராத்திரி பன்னெண்டு வரைக்கும் நான் 50 மெகாஹெர்ட்ஸ்ல உக்காந்துருப்பேன். எத்தன மணிக்கு தொறந்துச்சு, எப்ப படபடப்பு வந்துச்சு, எப்ப அடங்குச்சுன்னு நோட்டுல எழுதி இங்க போடுறேன்.

டெல்டாக்காரன்
என்கிட்ட ஜிபிஎஸ் ரிசீவர் ஒண்ணு இருக்கு, ரெண்டு அலைவரிசை வாங்குறது, வீட்டு மாடியில மாட்டி விட்டுடுறேன். அறிக்கையில அந்த அத்தியாயத்த எடுத்துட்டேன். பழைய படத்தோட அயனமண்டலப் பட்டைய தனியா பிரிச்சது கீழ இணைச்சிருக்கேன், சிவப்பு கூடுதல் எலக்ட்ரான், நீலம் கம்மி. நடுவுல நீலக் கோடு ரெண்டு கிளையா பிரியுது பாருங்க, வேதாரண்யத்துக்கு கொஞ்சம் மேக்கால. நெல்லை அண்ணாச்சி, குமிழி மேல ஏறும்போது கிளை விடுமா?

நெல்லை_வானம்
விடும் தம்பி. ஏறும்போது ரெண்டா மூணா பிரிஞ்சுதான் போவும். ரேடார்ல செங்குத்தா பாத்திருக்கோம், மேலயிருந்து இப்படி விரிச்சு நான் பாத்ததில்ல. அந்தக் கிளை பிரியுத எடத்த மட்டும் பெருசாக்கி இன்னொரு படம் போடுங்க.